நொதி வந்த வழி – 9: அவரை மாவில் கிடைத்த படிகம்

ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில், உயிருள்ள ஒரு செல்கூட இல்லாதபோதும் சர்க்கரை சாராயமாவதை எடுவார்ட் புக்னர் 1897-இல் காட்டினார். அந்தக் கதையைப் போன இதழில் பார்த்தோம். உயிர் இருந்தால்தான் நொதித்தல் நடக்கும் என்று கடைசிவரை வாதாடிய லூயி பாஸ்டர் அப்போது இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புக்னருக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்தாண்டு கழித்து, முதல் உலகப்போரில் ருமேனியப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

அவர் தீர்த்தது ஒரு சண்டையை, திறந்துவிட்டது இன்னொன்றை. சாற்றில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது, சரி. அது என்ன பொருள்? முளைவிட்ட பார்லியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் டயாஸ்டேஸை 1833-இலேயே பிரான்சில் பாயென், பெர்சோ என்ற இருவர் பிரித்திருந்தார்கள். இறைச்சியைச் செரிக்கும் பெப்சினுக்கு 1836-இல் தியோடர் ஷ்வான் பெயர் வைத்தார். எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை ஏறத்தாழ அதேதான். நொதிகளின் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எது எதை உடைக்கும், எந்த வெப்பத்தில் சாகும், எந்தப் புளிப்பில் நன்றாக வேலை செய்யும் என்பதெல்லாம் தெரிந்தது. ஆனால் ஒரு நொதியைத் தனியே பிரித்துக் கண்ணாடித் தட்டில் வைத்து ‘இதோ இதுதான்’ என்று காட்ட ஒருவராலும் முடியவில்லை.

முடியாது என்று சொல்லவும் பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். மியூனிக் நகரத்து ரிச்சர்ட் வில்ஸ்டெட்டர். இலைப் பச்சையத்தின் வேதியியலை அலசி 1915-இல் நோபல் பரிசு வாங்கியவர். அதன்பின் நொதிகளின் பக்கம் திரும்பினார். குதிரைமுள்ளங்கி வேரிலிருந்து பெராக்ஸிடேஸையும், ஈஸ்ட்டிலிருந்து இன்வர்டேஸையும் எடுத்து, களிமண்ணிலும் அலுமினாவிலும் ஒட்டவைத்துப் பிரித்து, ஆயிரக்கணக்கான மடங்கு தூய்மையாக்கினார். அவ்வளவு தூய்மையான கரைசலில் புரதம் இருக்கிறதா என்று சோதித்தபோது, இல்லை என்றே விடை வந்தது. நொதி வேலை மட்டும் ஜோராக நடந்தது. ஆகவே நொதி புரதம் அல்ல என்று முடிவு கட்டினார். வினைபுரியும் சிறிய வேதிக்கூறு ஒன்று உண்டு, புரதமோ வேறு ஏதோ ஒரு கூழ்மமோ அதைத் தாங்கும் வாகனம் மட்டுமே, வாகனத்தை மாற்றினாலும் பயணி பயணிதான் என்பது அவர் கொள்கை.

அவர் கணக்கில் எங்கே பிசகு? சோதனையில் பொய் இல்லை. சோதனையின் கூர்மையில்தான் குறை. சாம்பாரில் கரைத்த பெருங்காயம் கண்ணுக்குத் தெரியாது, வீடெங்கும் மணக்கும். நொதியும் அப்படித்தான். அன்றைய புரதச் சோதனைகள் பிடிக்கக்கூடிய அளவைவிடப் பலமடங்கு குறைவாக இருந்தாலும் அதன் வேலை தெரிந்துவிடும். தூய்மை கூடக்கூட வில்ஸ்டெட்டரின் கரைசல் நீர்த்துக்கொண்டே போனது. புரதம் சோதனையின் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. அவரைக் குறை சொல்வது இன்றைக்கு எளிது. அன்று அந்த ஆய்வகத்தில் நின்ற யாரும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சமயத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் நியூயார்க் மாநிலத்தின் இதாகா என்ற சிற்றூரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் உதவிப் பேராசிரியர் ஒருவர் அவரைக்கொட்டை மாவைக் கரைத்து வடிகட்டிக்கொண்டிருந்தார்.

ஜேம்ஸ் சம்னர் 1887-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 17 வயதில் காட்டுக்கோழி வேட்டைக்குப் போனபோது கூட வந்தவரின் துப்பாக்கி தவறி வெடித்து இடக்கையில் பாய்ந்தது. முழங்கையை ஒட்டிக் கையை எடுக்க வேண்டியதாயிற்று. சம்னர் பிறவியிலேயே இடக்கைப் பழக்கக்காரர். எழுதுவது முதல் எல்லாவற்றையும் வலக்கைக்கு மாற்றிப் பழகினார்; டென்னிஸ் ஆடினார், பனியில் சறுக்கினார். ஹார்வர்டில் வேதியியல் படித்து முடித்து, ஆராய்ச்சிக்காக ஓட்டோ ஃபோலினிடம் போனார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொருள்களை அளக்கும் முறைகளுக்குப் பேர்போனவர் ஃபோலின். ஒற்றைக் கையோடு வேதியியலில் முன்னேற முடியாது, சட்டம் படிக்கப் போங்கள் என்று அவர் அறிவுரை சொன்னார். சம்னர் கேட்கவில்லை. 1914-இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள்: விலங்கு உடலில் யூரியா உருவாவது எப்படி.

யூரியா அன்றைய மருத்துவ வேதியியலின் அன்றாடப் பொருள். நாம் தின்னும் புரதத்தில் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக விடுபடும். அம்மோனியா நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாகக் கட்டும், சிறுநீரகம் அந்த யூரியாவை வெளியேற்றும். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் யூரியா ஏறும். அதை அளக்க ஒரு குறுக்கு வழி இருந்தது. யூரியேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் யூரியா உடைந்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் வரும். அம்மோனியாவை அளந்தால் போதும். சோயா மொச்சையில் அந்த நொதி இருப்பதை 1909-இல் ஜப்பானின் தாகேயூச்சி கண்டார். சில ஆண்டுகளில் ஜாக் பீன் என்ற அவரையில் அது இன்னும் ஏராளமாக இருப்பது தெரிந்தது. நம் ஊர்த் தம்பட்டை அவரைக்கு மிக நெருங்கிய இனம் அது. அகன்று நீண்ட காய், வெள்ளை வெளேரென்ற கொட்டை.

சம்னரின் வெற்றியில் பாதி இந்தக் கொட்டையைத் தேர்ந்தெடுத்ததிலேயே இருக்கிறது. வில்ஸ்டெட்டர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள்களில் நொதி துளித்துளியாக இருந்தது. சம்னர் எடுத்ததில் கொட்டிக் கிடந்தது. கார்னெல்லில் அவருக்கு மதிப்பு குறைந்த பதவி, தலைக்கு மேல் பாடச்சுமை, உதவிக்கு ஆளில்லை, கருவிக்குப் பணமில்லை. இப்படிப்பட்டவர் நீண்டகால ஆராய்ச்சியைத் துண்டு துண்டாகச் செய்து பலன் காண முடியாது. பெரிய காரியம் ஒன்றையே பந்தயமாக வைக்கலாம் என்று 1917-இல் முடிவு செய்தார்: ஒரு நொதியைத் தனியே பிரித்தெடுப்பது.

ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. முதலில் கிடைத்தவை வேறு புரதங்கள். அவற்றில் ஒன்றுக்குக் கன்கனாவலின் என்று பெயரிட்டு 1919-இல் படிகமாகவே காட்டினார். தேடிய பொருள் அது இல்லை என்பதால் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. செல்களின் மேல் இருக்கும் சர்க்கரைகளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் தன்மை அதற்கு இருப்பது பிறகு தெரிந்து, இன்று உயிரியல் ஆய்வகங்களில் அது அன்றாடக் கருவியாகிவிட்டது. ஆராய்ச்சியில் ‘வீண்’ என்று ஒதுக்கியதற்கும் ஒரு காலம் வரும்.

1921-இல் உதவித்தொகை ஒன்று கிடைத்தது. பிரஸ்ஸல்ஸில் நொதிகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய ஜான் எஃப்ரோனிடம் வேலை செய்யலாம் என்று ஆசைப்பட்டார். யூரியேஸைப் பிரித்தெடுக்கும் எண்ணமே கேலிக்குரியது என்றார் எஃப்ரோன். அந்தத் திட்டம் அதோடு போயிற்று. இதாகாவுக்குத் திரும்பி மீண்டும் மாவைக் கரைத்தார். 30 விழுக்காடு ஆல்கஹாலில் கரைத்துக் குளிரவைத்தால் நொதி கொஞ்சம் கொஞ்சமாக வண்டலில் இறங்குவது தெரிந்தது. ஆனால் ஆய்வகத்தில் அப்போது ஐஸ்பெட்டி கிடையாது. கண்ணாடி உருளைகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, நல்ல குளிர் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்களாம். நோபல் உரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

1926-இல் ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோனை எடுத்தார். சுமார் 32 விழுக்காடு அசிட்டோன் கலந்த நீரில் மாவைக் கலக்கி, வடிதாளில் ஊற்றிக் குளிரில் இரவு முழுக்க விட்டார். காலையில் பார்த்தால் கொஞ்சம்தான் வடிந்திருந்தது. வடிந்ததில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். அதற்குமுன் பார்த்திராத வடிவத்தில் நிறமற்ற சின்னஞ்சிறு எண்முகப் படிகங்கள். சுழற்றிப் பிரித்து, தண்ணீரில் கரைத்து, சோதித்தார். புரதம் என்றது ஒரு சோதனை. யூரியாவை ஊற்றியதும் அது வெகுவேகமாக உடைந்தது. உடனே தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்து, முதல் நொதியைப் படிகமாக்கிவிட்டேன் என்று சொன்னார். (அந்த மனைவி சிட் ரிக்கெட்ஸ் சம்னர். பின்னாளில் நாவலாசிரியராகி, அவருடைய நாவலொன்று எலியா கசான் இயக்கத்தில் ‘பிங்க்கி’ என்ற படமாகவும் வந்தது. ஆனால் 1930-இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.)

கட்டுரை அதே ஆண்டு அமெரிக்காவின் உயிர்வேதியியல் இதழில் வெளியானது. நியாயமாகப் பார்த்தால் உலகம் துள்ளியிருக்க வேண்டும். யாரும் கண்டுகொள்ளவில்லை, கண்டுகொண்டவர்களோ நம்பவில்லை.

சம்னரின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் வில்ஸ்டெட்டரை வில்லனாக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிர்த்தரப்பின் கேள்வி மிகச் சரியானது. படிகம் புரதம் என்பது தெரிகிறது; படிகத்தோடு நொதி வேலையும் இருக்கிறது; இரண்டும் ஒன்றே என்பதற்கு என்ன சாட்சி? புரதப் படிகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் உண்மையான நொதி ஒட்டிக்கொண்டிருக்கலாமே? வில்ஸ்டெட்டரின் மாணவர் வால்ட்ஷ்மிட்-லைட்ஸ் உள்ளிட்டோர் எழுப்பிய வாதம் இதுதான். திரும்பத் திரும்பப் படிகமாக்கினாலும் வேலையின் அளவு மாறவில்லை என்பது மட்டுமே அன்று சம்னர் கையில் இருந்த பதில். பிடிவாதமாக அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். 1929-இல் ஸ்டாக்ஹோம் போய், அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆய்லர்-கெல்பினின் ஆய்வகத்திலேயே வேலை செய்தார். அதே ஆண்டு கார்னெல் அவரை முழுப் பேராசிரியராக்கியது.

வில்ஸ்டெட்டரின் நிலையையும் சொல்லியாக வேண்டும். யூதர் என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியுள்ள ஒருவரை மியூனிக் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுக்க மறுத்ததைக் கண்டு, தாமும் யூதரான அவர் 1924-இல் பதவியை உதறினார். அதன்பின் தம் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. உதவியாளர் மார்கரெட் ரோடேவால்ட் சோதனைகளைச் செய்ய, வீட்டிலிருந்து தொலைபேசியிலேயே வழிநடத்தினார். 1939-இல் நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்விட்சர்லாந்து போய், 1942-இல் அங்கேயே இறந்தார். கொள்கையில் தோற்றவர், மனிதராகத் தலை நிமிர்ந்தே வாழ்ந்தவர்.

வழக்கை முடித்துவைத்தவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஜான் நார்த்ராப். பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினை 1930-இல் படிகமாக்கினார். அதோடு விடவில்லை. சூட்டாலும் காரத்தாலும் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துப் பார்த்தார். எவ்வளவு புரதம் சிதைந்ததோ சரியாக அவ்வளவு வேலைத்திறன் போயிற்று. கலவையாக இருந்தால் நீரில் கரையும் அளவு போடப்போட மாறும். பெப்சின் படிகமோ எவ்வளவு போட்டாலும் ஒரே அளவே கரைந்தது. சம்னர் காட்டியது படிகம். நார்த்ராப் கொடுத்ததுதான் நிரூபணம். பிறகு அவரும் குனிட்ஸும் டிரிப்சின், கைமோடிரிப்சின் என்று வரிசையாகப் படிகமாக்க, ‘தற்செயல்’ என்று சொல்ல யாராலும் முடியவில்லை. சம்னரும் 1937-இல் டவுன்ஸுடன் சேர்ந்து கேட்டலேஸைப் படிகமாக்கினார். 1946-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி சம்னருக்கு வந்தது. மறுபாதியை நார்த்ராப்பும், புகையிலை வைரஸைப் படிகமாக்கிய வெண்டல் ஸ்டான்லியும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1955-இல் ஓய்வு பெற்று, பிரேசிலில் நொதி ஆய்வகம் ஒன்றை அமைக்கப் புறப்படும் வேளையில் புற்றுநோய் பிடித்து அதே ஆண்டு சம்னர் மறைந்தார்.

அவரைக்குள் இந்த நொதிக்கு என்ன வேலை? விதையில் சேமித்த புரதம் முளைக்கும்போது உடைகிறது. அதிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து யூரியா வரும். யூரியாவாகவே கிடந்தால் குருத்துக்கு அந்த நைட்ரஜன் உதவாது. யூரியேஸ் அதை அம்மோனியாவாக்கினால்தான் புதுப் புரதம் கட்டலாம். தானாக உடையட்டும் என்று விட்டால், அறை வெப்பத்தில் தண்ணீரில் கிடக்கும் யூரியாவில் பாதி உடைய சுமார் 40 ஆண்டுகள் ஆகும். யூரியேஸ் அந்த வேகத்தை நூறு லட்சம் கோடி மடங்கு கூட்டிவிடுகிறது. நொதி இல்லாமல் உயிர் இல்லை என்று பாடப்புத்தகம் சொல்வதன் பொருள் இதுதான். உடலில் நடக்கும் வினைகள் பலவும் நொதி இல்லாமலும் நடக்கக்கூடியவையே. நடந்து முடிவதற்குள் உயிர் இருக்காது, அவ்வளவுதான்.

மனித உடல் இந்த நொதியைச் செய்வதில்லை. நம்மைச் சுற்றியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. மாட்டுக்கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் நெடி, மூத்திரத்தின் யூரியாவை அவை உடைப்பதால் வரும் அம்மோனியா. வயலில் தூவும் யூரியா உரம் பயிருக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் மண்ணின் யூரியேஸ் உடைத்த பிறகுதான். மண்ணுக்குள் கலக்காமல் மேலாக வீசிவிட்டுப் போனால் காசு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுவதும் அதே நொதியால்தான். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி, வயிற்றின் கடும் அமிலத்தில் பிழைத்திருப்பதும் யூரியேஸின் புண்ணியம். யூரியாவை உடைத்து அம்மோனியாவை எழுப்பித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. எண்டோஸ்கோப்பி செய்யும்போது துளி சதையைக் கிள்ளி ஒரு சிறு யூரியாக் கூழில் வைப்பார்கள். நிறம் மாறினால் கிருமி உண்டு. அந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் பேரி மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது.

இனி ஒரு திருப்பம். 1975-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜெர்னர் குழுவினர் சம்னரின் அதே ஜாக் பீன் யூரியேஸை ஆராய்ந்தபோது அதற்குள் நிக்கல் இருந்தது. நாணயத்தில் போடுகிற அதே உலோகம். நிக்கல் உள்ள நொதி என்று அறியப்பட்ட முதல் நொதி அதுவே. உலோகத்தை எடுத்துவிட்டால் நொதி செத்த புரதம். நிக்கலே இல்லாமல் வளர்த்த சோயாச் செடிகளின் இலைநுனியில் யூரியா தேங்கிக் கருகியதும் பிறகு தெரியவந்தது. அப்படியானால் வில்ஸ்டெட்டர் சொன்ன ‘வினைபுரியும் சிறிய கூறு, அதைத் தாங்கும் வாகனம்’ என்பது என்ன ஆயிற்று? பாதி சரி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாகனத்தை மாற்ற முடியாது. நிக்கலை உரிய இடத்தில் உரிய கோணத்தில் பிடித்துவைக்க அந்தப் புரதம்தான் வேண்டும். சம்னர் சொன்ன ‘நொதி என்றால் புரதம்’ என்பதும் முழு உண்மையாக நிற்கவில்லை. சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் நொதியாக வேலை செய்வதைக் காட்டிய தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1989-இல் நோபல் வாங்கினார்கள்.

படிகம் கிடைத்துவிட்டது, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன? நுண்ணோக்கிக்குப் போதுமான படிகம் வேறு, எக்ஸ் கதிருக்கு ஈடுகொடுக்கும் படிகம் வேறு. 1995-இல் ஒரு பாக்டீரிய யூரியேஸின் கட்டமைப்பு முதலில் வெளிவந்தது. அதைத் தீர்த்தவர்கள் சம்னரின் கார்னெல்லிலேயே இருந்த கார்ப்ளஸ் குழுவினர். ஜாக் பீன் மட்டும் பாக்கி.

அந்தப் பாக்கியைத் தீர்த்தது சென்னை. ஜி.என்.ராமச்சந்திரன் 1952-இல் தொடங்கிய துறையின் வழிவந்ததுதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலுள்ள படிகவியல், உயிர் இயற்பியல் உயராய்வு மையம். அங்கே ஆனந்தி பாலசுப்ரமணியனும் கார்த்தே பொன்னுராஜும் 2010-இல் ஜாக் பீன் யூரியேஸின் முழுக் கட்டமைப்பை வெளியிட்டார்கள். எந்தத் தாவர யூரியேஸுக்கும் அதுவே முதல் கட்டமைப்பு. 840 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி ஒன்று. அப்படி ஆறு சங்கிலிகள் கோத்த ஒரு நொதி. சங்கிலிக்கு இரண்டாகப் பன்னிரண்டு நிக்கல் அணுக்கள். முதல் படிகத்திலிருந்து மூலக்கூறு வடிவம்வரை 83 ஆண்டுப் பயணம் என்று கட்டுரையின் தலைப்பிலேயே குறித்திருந்தார்கள். அதே ஆய்வகம் அடுத்துக் கையிலெடுத்த யூரியேஸ், நம் துவரையுடையது.

யூரியாவை உடைக்கும் நொதியின் கதை இது. அதை நம் கல்லீரலில் கட்டும் நொதிகள் வட்டமாகக் கைகோத்து வேலை செய்வதை 1932-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற இளம் மருத்துவரும் குர்ட் ஹென்செலைட் என்ற மாணவரும் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே கிரெப்ஸ் வேலையிழந்து நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. அடுத்த இதழில் அவரோடு நாமும் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவோம்.